எழுபத்துநான்காம் எண்ணின் இடது கால்

பேருக்கு ஆசைப்பட்டுத்தான் வெண்டல் அதைச் செய்தான் என்று இன்னொரு தடவை என் காது கேட்கச் சொன்னால், இந்த உருளைக்கிழங்குச் சட்டியை உன் மடியில் கவிழ்த்துவிடுவேன் என்று லோரெட்டாவிடம் சொன்னேன். தவக்காலத்து வியாழக்கிழமை காலை. கோயிலின் கீழ்த்தளத்தில் பதினோரு பெண்கள் நீள மேசையில் உட்கார்ந்து, மறுநாள் விற்பனைக்குப் பைரோகி மடித்துக்கொண்டிருந்தோம். மாவை வட்டமாக வெட்டி, கிழங்கை வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூட வேண்டும். லோரெட்டா கிள்ளுவதை நிறுத்தவே இல்லை.

"கவுத்துக்கோங்க. கவுத்துட்டா நடந்தது நடக்கலேன்னு ஆயிடுமா? நாலு லட்சம் பேர் பாத்தாங்களாம் உங்க மருமகன் பேசினதை. எங்க வீட்டுக்காரர் செத்தப்ப நாப்பது பேர் வரல."

"அது உங்க வீட்டுக்காரரோட லட்சணம்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மேசையில் என் பக்கம் யாரும் இல்லை.

"வாய் மட்டும் கொறையல உங்களுக்கு," என்றாள் லோரெட்டா. "நம்ம தெருப் பையன் அவன். அவன் காலைச் சுட்டிக்காட்டி எதிராளிக்கு வழி சொல்லிக் குடுத்தாரு. தப்பு செய்யாத மனுஷன் எதுக்கு வீட்டை விட்டு ஓடணும்? அதச் சொல்லுங்க முதல்ல."

அன்றைக்குச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொருத்தி தலை உருளும் என்பதால் கிழங்கைப் பிசைந்துகொண்டு இருந்துவிட்டேன். பிறகு அந்த இன்னொருத்தியிடமே போய்க் கேட்டேன். சொல்லுங்கள் மிஸ் ஓப்பல், இனி எனக்கென்ன என்றாள். அதனால் சொல்கிறேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. அவனுக்கு ஆகாததும் இதில் வரும்.

வெண்டல் பெட்ராக் என் மகள் ஜோலீனின் கணவன். இரும்பாலையில் பாரந்தூக்கி ஓட்டியவன். ஆலை மூடியதும் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனான். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை, நடுவில் ஐந்து மணிநேரம் வீட்டில். ஜோலீனுக்கு வயிற்றில் கட்டி வந்து இரண்டு குளிர்காலம் கூடத்துக் கட்டிலில் கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு போக எனக்கு இடமும் இல்லை, போகச் சொல்ல அவனுக்கு மனமும் இல்லை.

பந்துப் பைத்தியம், அதாவது பந்தைக் கையில் எடுத்து ஓடுகிற, எறிகிற அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம், முதலில் அவளுக்குத்தான். இந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு டிவி முன்னால் உட்காராத ஆளைக் காட்ட முடியாது. ஆனால் ஜோலீன் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும். வலி மருந்து கொடுக்க ஆரம்பித்ததும் அவளால் ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்க்க முடியவில்லை. நடுவில் கண் சொருகிவிடும். விழித்ததும், "என்னாச்சு? யாரு விட்டாங்க?" என்பாள். வெண்டல் பின்னால் ஓட்டி, நிறுத்தி, இவன் இங்கே போனான், அவன் அங்கே ஏமாந்தான் என்று சொல்லுவான். அவன் பஸ்ஸுக்குப் போயிருக்கும் நேரத்தில் விழித்துக்கொண்டால்? அதற்காகத் தன் குரலில் பேசிப் படத்தோடு சேர்த்துப் பதிந்து வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தான். பொத்தானை அமுக்குவது என் வேலை. அப்படித் தொடங்கியதுதான் இது. பேருக்காகத் தொடங்கியதாம்.

ஜோலீன் போன பிறகும் அவன் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை ஆனால் ஆட்டத்தை அரங்கத்தின் உச்சியிலிருந்தும் கோடியிலிருந்தும் எடுத்த படம் வரும், இருபத்திரண்டு பேரும் தெரிகிற மாதிரி. சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆட்ட நகர்வையும் ஐந்து முறை, ஆறு முறை ஓட்டிப் பார்ப்பான். அம்புக்குறி போடுவான். பிறகு பேசுவான். "இப்ப நிறுத்தறேன். யாரும் பந்தைப் பாக்காதீங்க. பந்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. இந்த ஆளோட இடுப்பைப் பாருங்க." அதை இணையத்தில் போடுவான். நானூறு பேர் பார்ப்பார்கள். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, மேற்கு வர்ஜீனியாவில் நான் வளர்ந்த மலையில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே ஆறு வருஷம் அவன் பேசுவதைக் கேட்டதில் இடுப்பைப் பார்க்க எனக்கும் தெரிந்துபோயிற்று.

இனி டேவியன். நான்கு வீடு தள்ளி இருக்கிற வெர்லீனின் ஒரே பிள்ளை. பத்து வயதிலேயே பஸ் இருக்கையில் அடங்காத உடம்பு, அதனால் வெண்டல் அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் முதல் இருக்கையில் தனியாக உட்கார வைத்து ஓட்டினான், எட்டு வருஷம். அந்தப் பையனை நம் நகரத்து அணியே எடுத்தபோது தெருவே அழுதது. அவனுக்கு எண் எழுபத்துநான்கு. வேலை என்னவென்றால், பந்தெறிபவன் எறிவதற்குப் பின்வாங்கும்போது அவனுக்குத் தெரியாத பக்கமாக ஓடிவருகிறவனைத் தடுப்பது. முதுகுக் காவல். அவன் ஒழுங்காகச் செய்தால் ஒருவரும் அவன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம்.

முதல் வருஷம் பையன் பட்ட பாடு கொஞ்சமில்லை. தெருவில் ஆளாளுக்கு அவனுக்குப் போன் போட்டு, காலை இப்படி வை, கையை அப்படி வை என்றார்கள். நுழைவுச்சீட்டு கேட்டார்கள். அவன் அம்மாவிடம் அழுதிருக்கிறான். மறு வருஷம் ஆகஸ்டில் வெர்லீன் வீடுவீடாக ஏறி இறங்கினாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள், குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைக்கத் தெரிந்தவள்.

"ஆகஸ்ட்ல இருந்து ஜனவரி வரைக்கும் எம் பிள்ளைகிட்ட யாரும் பந்தைப் பத்திப் பேசக்கூடாது," என்றாள் எங்கள் சமையலறையில் நின்று. "போன்ல கூடாது, எழுதக்கூடாது, எங்கிட்ட சொல்லியனுப்பக் கூடாது. பேசறதுக்கு அங்க சம்பளம் வாங்கறவங்க இருக்காங்க. வெண்டல், உங்ககிட்ட அவன் நம்பர் இருக்கு. உங்க வார்த்தை எனக்கு வேணும்."

"வார்த்தை குடுத்தேன் வெர்லீன்," என்றான்.

தெரு முழுக்கக் கொடுத்தது. இரண்டு வருஷம் தெரு முழுக்கக் காப்பாற்றவும் செய்தது. இதோ இந்த லோரெட்டாகூட.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேசையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான், திரும்ப வந்து உட்கார்ந்தான், திரும்ப எழுந்தான்.

"என்னப்பா, பூச்சி கடிச்சுதா?"

"அம்மா, இங்க வாங்க. இந்தக் காலைப் பாருங்க."

காட்டினான். டேவியன் ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்கிறான். அணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடப்போகிறது என்றால் அவன் இடது காலும் வலது காலும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில். எறியப்போகிறது என்றால் இடது கால் ஒரு ஷூ அளவு பின்னால். அவ்வளவுதான். அவனுக்கே தெரியாது. பின்வாங்கப் போகிறோம் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, கால் போய்விடுகிறது. வெண்டல் ஐந்து ஆட்டத்தையும் எண்ணியிருந்தான். நாற்பத்துநான்கு தடவை கையை ஊன்றி நின்றிருக்கிறான், நாற்பத்தொரு தடவை கால் உண்மையைச் சொல்லிவிட்டது. எதிரில் நிற்கிறவன் அதைப் படித்துவிட்டால் பந்து நகரும் முன்பே அவனுக்கு எல்லாம் தெரியும்.

"அவங்க ஆளுங்க பாத்திருக்க மாட்டாங்களா? அத்தனை பேர் இருக்காங்களே," என்றேன்.

"பாத்திருந்தா அஞ்சு வாரமா விட்டிருப்பாங்களாம்மா?"

மறுநாள் மதிய நடை முடிந்ததும் நேரே வெர்லீன் வீட்டுக்குப் போனான். போனைத் தொடவில்லை. வார்த்தை கொடுத்தவன். கதவைத் திறந்தவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாளாம், ஒரு கால் செருப்புக்குள், ஒரு கால் வெளியே.

"பந்து விஷயமா?" என்றாள்.

"ஆமா வெர்லீன், ரெண்டே நிமிஷம்."

"அப்ப ஜனவரில வாங்க," என்று சிரித்தாள். "உங்களுக்காக ஒரு கதவைத் தெறந்தா மத்தவங்களுக்கு நான் எப்படி மூடுவேன்?" கோபமாகச் சொல்லவில்லை. அவன் தோளைத் தட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு இன்றைக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவன் சூப்பைத் தொடவில்லை. கடைசியில் ஒரு யோசனை கண்டுபிடித்தான். பதிவில் சொல்லிவிடுவது. பையனிடம் பேசினதாகாது, வார்த்தையும் நிற்கும். அணியில் வேலை பார்க்கிற ஒருத்தராவது இந்த நானூறு பேரில் இருக்க மாட்டாரா என்பது கணக்கு. பேர் சொல்லவில்லை, எண் மட்டும் சொன்னான். முடிக்கும்போது இப்படிச் சொன்னான், நான் பக்கத்தில் நின்றேன்: "அணியில இருக்கறவங்க யாராவது இதைப் பாத்தா, தயவுசெஞ்சு அவரோட பயிற்சியாளர்கிட்ட போய்ச் சொல்லுங்க. பத்து நிமிஷத்துல திருத்திடலாம். நல்ல ஆட்டக்காரர், திருத்திடலாம்."

"எதிராளி பாத்தா?" என்று கேட்டேன்.

"நானூறு பேரும்மா. அதுல பாதிப் பேர் தூக்கம் வரணும்னு போடறவங்க."

சிரித்தேன். நானும்தான் சிரித்தேன்.

வியாழக்கிழமை, இணையத்தில் தன்னைப் பார்க்க லட்சக்கணக்கில் ஆள் வைத்திருக்கிற எவனோ ஒருத்தன் அதில் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தன் பக்கத்தில் போட்டான். தயவுசெஞ்சு என்று சொன்ன இடத்தை வெட்டிவிட்டான். கால் மட்டும் இருந்தது, வெண்டலின் குரலும். ஒஹாயோவில் ஒரு பஸ் டிரைவருக்குத் தெரிவது ஊரே கொண்டாடும் அணிக்குத் தெரியவில்லை பார், என்று மேலே எழுதியிருந்ததாம். நாலு லட்சம்.

இந்த இடத்துக்காகத்தான் எனக்குப் பூசி மெழுகத் தெரியாது என்றேன். அன்று மாலை வெண்டல் சந்தோஷமாக இருந்தான். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டான், மாட்டிறைச்சிக் குழம்பை ரொட்டியால் துடைத்துத் தின்றான். வாய்க்குள் ஏதோ பாட்டு. "முன்னாள் ஆட்டக்காரர் ஒருத்தர் எழுதியிருக்காரும்மா, நல்ல கண்ணுன்னு," என்றான். ஐம்பத்தேழு வயதில் முதல் முறையாக அவனைப் பற்றி யாரோ நல்லது சொல்லியிருக்கிறார்கள். லோரெட்டா, ஒரு ராத்திரிச் சாப்பாடு. அவன் பேர் வாங்கி அனுபவித்தது அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கரண்டி இல்லை.

வெள்ளி காலை நடையில், பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு உறைத்திருக்கிறது. வந்ததும் கோட்டைக் கழற்றாமல் பதிவை அழித்தான். மற்றவன் போட்டதை இவனால் அழிக்க முடியுமா? கையில் போனை எடுத்தான். டேவியனின் பேரைத் திரையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போடுப்பா," என்றேன்.

"வார்த்தை குடுத்திருக்கேன்மா. இப்பத் திருத்தவும் நேரமில்ல. ஆட்டத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப போய் உன் கால் சரியில்லன்னு சொன்னா, அவன் காலைப் பத்தியே நெனச்சுட்டு நிப்பான். இன்னும் மோசமாப் போயிடும்."

நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எதிலும் விட்டுக்கொடுக்காதவள் என்று எனக்குப் பேர், அன்றைக்குப் பார்த்து விட்டுக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதிரணியின் தொண்ணூற்றாறாம் எண் டேவியனைத் தாண்டி மூன்று தடவை உள்ளே புகுந்தான். மூன்றாம் தடவை பந்தெறிபவனின் தோள் எலும்பு முறிந்தது. அந்த வருஷம் அதோடு முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அணி டேவியனை விடுவித்துவிட்டது. வேலையை விட்டு நீக்குவதை அங்கே விடுவிப்பது என்றுதான் சொல்வார்கள்.

புதன்கிழமை காலை எங்கள் வண்டியின் முன்மூடியில் ஒற்றை ஷூ ஒன்று கிடந்தது. இடது கால். மறுநாள் இரண்டு. அதற்கடுத்த வாரம் தபால் பெட்டிக்குள் ஒன்று, படிக்கட்டில் குழந்தை ஷூ ஒன்று. எல்லாம் இடது கால். வெண்டல் ஒன்றையும் வீசவில்லை, கீழ் அறையில் ஒரு பெட்டியில் போட்டு வைத்தான். "யாராவது தேடிட்டு வருவாங்க," என்றான். கிண்டலாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனை நகரத்தின் மறுகோடித் தடத்துக்கு மாற்றினார்கள். மளிகைக் கடையில் இறைச்சி வெட்டுகிறவன், "வாங்க வெண்டல், அடுத்த வாரம் யாரைக் காட்டிக் குடுக்கறதா உத்தேசம்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டான். "ஒண்ணரை பவுண்டு விலாக்கறி," என்றான் இவன்.

இவனைத் தின்றது அதெல்லாம் இல்லை. தான்தான் செய்தோமா என்பது அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எதிரணியிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு படம் பார்க்கிற கூட்டம் இருக்கிறது. அவர்களே அந்தக் காலைக் கண்டுபிடித்திருக்கலாம். அல்லது ஒன்றும் தெரியாமலே அந்தத் தொண்ணூற்றாறு அன்று பலசாலியாக இருந்திருக்கலாம். மூன்று வாரம் அந்த மேசையிலேயே கிடந்தான். ஒருவருக்கும் பேசிக் காட்டவில்லை, அம்புக்குறி போடவில்லை, ஓட்டினான், நிறுத்தினான், ஓட்டினான். சவரம் செய்யவில்லை.

"விட்டுடு," என்றேன். "தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"தெரியாம என்ன பண்றதும்மா?"

நவம்பர் நடுவில் ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டான். குரல் அமைதியாக இருந்தது. "இந்த ஆள் மோவாயைப் பாருங்க," என்று மட்டும் சொன்னான்.

தொண்ணூற்றாறு குனிந்து நிற்கிறான். பந்து நகருவதற்கு ஒரு நொடி முன்னால் அவன் மோவாய் கீழே இறங்குகிறது. தரையைப் பார்க்கிறான். டேவியனின் கால் இருக்கிற இடத்தை. பிறகு நிமிர்கிறான். அடுத்த ஆட்ட நகர்வு, அதே மோவாய். அடுத்தது, அதே. அதற்கு முந்தைய வாரத்து ஆட்டத்தில் அதே தொண்ணூற்றாறு, வேறொரு அணிக்கு எதிரே, ஒரு தடவைகூட மோவாயை இறக்கவில்லை. டேவியனின் முந்தைய ஐந்து ஆட்டத்தில் எதிரில் நின்ற எவனும் இறக்கவில்லை. அந்த ஒரு ஞாயிறு. வெண்டல் பேசின பிறகு வந்த ஞாயிறு.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா," என்றேன். "குனிஞ்சு நிக்கிறான், அவ்வளவுதான். மனுஷன் எங்கியாவது பாக்கத்தானே செய்வான்."

"அம்மா."

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

"நாலாவது தடவை மோவாய் எறங்கறப்ப உங்க கை கழுத்துக்குப் போச்சு," என்றான். "பாத்துட்டுதான் இருந்தேன்."

கணினியை மூடினான். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, மதிய நடைக்குக் கிளம்பிப் போனான். ஊரில் எல்லாரும் ஊகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நிச்சயமாகத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான், அதையும் அவனே தேடி எடுத்தான்.

நன்றி சொல்லும் பண்டிகைக்கு மறுநாள், வெர்லீன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். டேவியன் வந்திருந்தான். போகாதே என்று என்னால் ஆனமட்டும் சொன்னேன். "யாருக்கும் தெரியாததை நீ எதுக்குப் போய்ச் சொல்லணும்? கடவுளுக்குத் தெரியும், போதும்."

"கடவுளுக்கு முதுகுக் காவல் வேலை போகலயேம்மா."

நானும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். டேவியன் எழுந்து நின்றே எங்களை வரவேற்றான், தலை விளக்கில் இடிக்கும் உயரம். உட்காருங்கள் மிஸ்டர் வெண்டல் என்றான். வெண்டல் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கால், எண்ணிக்கை, மோவாய். ஆட்டத்தை விளக்குகிற மாதிரியே வரிசையாகச் சொன்னான், அவனுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

டேவியன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ரெண்டு அணி கூப்பிட்டாங்க, பாக்கறதுக்கு," என்றான் கடைசியில். "ரெண்டு எடத்துலயும் கைகுடுக்கறதுக்கு முன்னாடியே காலைத்தான் பாத்தாங்க. ஒருத்தர் சிரிச்சாரு. இப்ப கையை ஊனினாலே கால் எங்க இருக்குன்னுதான் நெனப்பு வருது. நெனச்சா லேட்டாயிடும். லேட்டானா அந்த வேலை இல்ல."

"திருத்திடலாம்," என்றான் வெண்டல்.

"அப்பத் திருத்தியிருக்கலாம், சார்." பையன் நிமிர்ந்தான். எட்டு வருஷம் பஸ்ஸில் அவனை மிஸ்டர் வெண்டல் என்று கூப்பிட்ட பையன். "எட்டு வருஷம் உங்க முதுகுக்குப் பின்னாடி உக்காந்து வந்தேன். என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சு. ஒரு போன். ஊருக்கெல்லாம் சொன்னதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

வெர்லீன் பலகாரம் வெட்டுகிற கத்தியோடு நின்றாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். "வெண்டல்," என்றாள் மெதுவாக, "அன்னைக்கு நீங்க வாசல்ல வந்து நின்னது..."

"அது பஸ் விஷயம் வெர்லீன்," என்றான் வெண்டல், சட்டென்று. "தடம் மாத்தற விஷயம். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவு நாளில் அவன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, அன்றைக்குக் கண்ணால் கேட்டான். மூடிக்கொண்டேன். பிள்ளை முன்னால் தாய் தலைகுனிய வேண்டாம் என்று அவன் முடிவு செய்துவிட்டான். வார்த்தை கொடுத்ததைக்கூட அவன் சொல்லவில்லை. "ஆமா தம்பி. சொல்லியிருக்கலாம்," என்றான் பையனிடம். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பலகாரத்தை யாரும் தின்னவில்லை என்று பிறகு வெர்லீன் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பையன் எந்த அணியிலும் சேரவில்லை. டொலீடோ பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறான், வெர்லீனும் அங்கேயே போகப் போகிறாள்.

வீட்டுக்கு வந்து வெண்டல் ஆறு வருஷத்துப் பதிவுகளையும் அழித்தான். முதல் வருஷத்தில் ஜோலீன் குரல் இருந்தது, "மறுபடி போடு, வெண்டல், மறுபடி போடு" என்று இருமலுக்கு நடுவில். அதையும். நான் பக்கத்து அறையில் இருந்தேன், அவன் என்னைக் கேட்கவில்லை. என் மகள் குரலை அழிக்க அவனுக்கு உரிமை இல்லை. அதை நான் மன்னிக்கவில்லை, அவனிடமே சொல்லிவிட்டேன். "தெரியும்மா," என்றான்.

ஐடஹோவில் அவனுக்கு ஒரு சித்தப்பா மகன். அங்கே மரம் ஏற்றும் லாரிக்கு ஆள் வேண்டுமாம். நூறு மைலுக்கு ஓர் அணியும் கிடையாது என்றான். என்னையும் வரச் சொன்னான், இரண்டு தடவை சொன்னான். என் மகள் இங்கே மண்ணுக்குள் இருக்கிறாள், அவளுக்கு மேலே புல் வெட்ட ஆள் வேண்டும், நான் எங்கும் வரமாட்டேன் என்றேன். பிடிவாதம்தான். அவன் இருந்துவிடுவான் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது, என்னைத் தனியாக விட்டுப் போக மாட்டான் என்று. தப்புக்கணக்கு. கோயிலிலிருந்து ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வந்து எனக்குக் கடிதம் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்தான். வீட்டைச் சூடாக்கும் எந்திரத்துக்கு வடிகட்டி மாற்றினான். ஓடிப்போகிறவன் வடிகட்டி மாற்றுவானா லோரெட்டா?

டிசம்பர் முதல் ஞாயிறு கிளம்பினான். நேரத்தை அவன்தான் பார்த்து வைத்தான், ஒரு மணி. அந்த நேரத்தில் இந்தத் தெருவில் நாய்கூட வெளியே இருக்காது. ஆட்டம் தொடங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் குரல், எதிர்வீட்டு ஜன்னலில் நீல வெளிச்சம், எங்கள் வீட்டு டிவி மட்டும் அணைந்து கிடந்தது. இரண்டு பெட்டி. ஒன்றை வண்டியில் வைத்துவிட்டு இன்னொன்றுக்கு வந்தான். ஏரிப் பக்கமிருந்து பனிக்காற்று வாசலுக்குள் அடித்தது.

கோட்டுப் பொத்தானைப் போட்டபடி கூடத்தில் நின்றான். சுவருக்குப் பின்னால் யாரோ கத்தினார்கள், நல்லதோ கெட்டதோ. பழக்கதோஷம், தலை அந்தப் பக்கம் திரும்பிற்று. உடனே பெட்டியை எடுத்துக்கொண்டான்.

"போய்ச் சேந்ததும் போன் பண்றேன்," என்றான்.

"பண்ணு."

"சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கம்மா."

இருந்துவிடு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போப்பா, குளிர் உள்ள வருது," என்றேன்.

சாத்திவிட்டுப் போனான்.